டிராக் பந்தயம்: கியர் விகிதமும் டயர் அளவும்

நின்ற நிலையிலிருந்து கிளம்பி, வழக்கமாக 402 மீட்டர் (கால் மைல்) நேர்த்தடத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் போட்டி டிராக் பந்தயம். எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே பலத்தைப் பங்கிடுபவை கியர் விகிதமும் டயரின் விட்டமும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியதாகவே ஆகும்.

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட் இதற்கு நல்ல பாடம். அதன் பின் ஸ்ப்ராக்கெட் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, பற்கள் 38. ஆகவே மெக்கானிக்குகள் மாற்றுவது முன் ஸ்ப்ராக்கெட்டைத்தான். 16 பல்லென்றால் விகிதம் 2.38, 18 போட்டால் 2.11. பின்னதில் அதே எஞ்சின் சுழற்சிக்கு வேகம் எட்டில் ஒரு பங்கு கூடும், பிக்கப் குறையும்.

காரிலும் கணக்கு இதுவே. டாப் கியர் 1:1, பின் ஆக்சில் விகிதம் 4.10, டயர் விட்டம் 28 அங்குலம் என்றால், நிமிடத்துக்கு 6,500 சுழற்சியில் வேகம் மணிக்குச் சுமார் 212 கி.மீ. டயரை 26 அங்குலமாக்கினால் 197. விகிதத்தை 4.42 ஆக்கியதற்கு அது சமம்.

எஞ்சினின் உச்சத் திறன் வரும் சுழற்சியை ஒட்டி, டாப் கியரில் முடிவுக்கோட்டைத் தொடும்படி விகிதத்தை அமைப்பதே சரியான தேர்வு. இழுவை மிகுந்து டயர் வழுக்கினால் அந்தக் கணக்கெல்லாம் வீண். எனவே அகலமான, மென்மையான ரப்பர் டயரை முதலில் முடிவுசெய்துவிட்டு விகிதத்துக்கு வருவதே நல்லது.

சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் வளர்ந்த மோட்டார் பந்தயம், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகளும் அங்கே நடந்துள்ளன.