மூக்கின் சாட்சியமும் குழாயின் சாட்சியமும்

தொல்காப்பியர் உயிர்களை அறிவுவரிசையில் வைத்தபோது மூக்குக்கு மூன்றாம் இடம் கொடுத்தார். கண், செவி, மனம் எல்லாம் அதற்கு மேலே. எம்.ஏ. தமிழுக்காக மனப்பாடம் பண்ணிய இந்த வரிசை, அமெரிக்காவின் லவ் கெனால் வரலாற்றை வாசிக்கும்போது ஞாபகத்துக்கு வந்தது. நவீன அரசும் மூக்கைக் கீழ்ப்படியில்தான் உட்கார வைத்திருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953இல் நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தது. பின்னால் வரும் கேட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்பதையும் பத்திரத்தில் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. நாற்றம் அடிக்குது என்று குடியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யார் கேட்டா? 1978இல் சுகாதாரத்துறை வீடுகளின் நிலவறைக் காற்றை எடுத்துச் சோதித்த பிறகுதான் நாற்றம் 'தகவல்' ஆனது. ஆகஸ்ட் 2 அன்று நெருக்கடி நிலை அறிவித்தார்கள். சற்றுத் தள்ளியிருந்த தெருக்களின் நோய்களை லோயிஸ் கிப்ஸும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கேட்டுக்கேட்டு வரைபடத்தில் குறித்தார்கள். அவை பழைய நீரோடைத் தடங்களை ஒட்டியே இருந்தன. அதிகாரிகள் முதலில் அதை ஏற்கவில்லை.

இதை வைத்து, மக்களின் புலனறிவு உண்மை, கருவி அதிகாரத்தின் பொய் என்று ஓர் எதிர்வைச் சுலபமாகக் கட்டிவிடலாம். நானும் கொஞ்சகாலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எண்டிகாட் அதை உடைத்தது.

அதே மாநிலத்தின் எண்டிகாட்டில், 1979இல் ஐ.பி.எம். ஆலையில் 4,100 கேலன் கரைப்பான் கசிந்தது. தேடியபோது நிலத்தடி நீரில் உலோகத்தின் எண்ணெய்ப்பிசுக்கை நீக்கும் ட்ரைகுளோரோ எத்திலீனும் கிடைத்தது. நீரை இறைத்தார்கள், அளந்தார்கள். அந்த நீரிலிருந்து பிரிந்த ஆவி மண்ணிடுக்குகள் வழியே ஏறி வீடுகளுக்குள் போவது, 2002க்குப் பிறகு மண்ணின் ஆவியை எடுத்துச் சோதித்தபோதுதான் வெளிப்பட்டது. 400க்கும் மேற்பட்ட கட்டிடங்களில், தரைக்கடியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு தேவைப்பட்டது. மூக்குக்கு எட்டும் அளவைவிட வெகு குறைந்த அளவிலேயே இந்த நச்சு கெடுதி செய்யும். இங்கே மூக்கிடம் சாட்சியமே இல்லை.

ஆகவே கருவியை விட்டுவிட முடியாது, வாசிக்கத்தான் வேண்டும். ஐந்தாறு அடி ஆழத்துக்கு ஒரு குழாயை இறக்குகிறார்கள். அதைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண்ணைக் குழைத்து அடைக்கிறார்கள். மேல்காற்று கலந்தால் நச்சின் அளவு குறைந்து தெரியும். அடைப்பைச் சோதிக்க வெளியே ஹீலியத்தை நிரப்பி, அது உள்ளே வருகிறதா என்று பார்க்கிறார்கள். குழாயில் தங்கிய பழங்காற்றை வெளியேற்றிய பின், வெற்றிடமாக்கிய எஃகுக் கலத்தை மெல்லத் திறக்கிறார்கள். மண்ணின் காற்று உள்ளே வருகிறது. மிச்சம் ஆய்வகத்தின் வேலை.

இதில் பொய் எங்கே? செய்முறையில் தேட வேண்டாம். குழாயை எந்தத் தெருவில், எந்த மாதத்தில் இறக்குவது என்று தீர்மானிக்கும் மேசையில் தேடுவோம். மழைக்குப் பின் ஈரமண் ஆவியை மறித்துவிடும். குளிர்காலத்தில் சூடாக்கப்பட்ட வீடு தரைவிரிசல் வழியே மண்காற்றை உறிஞ்சும். கோடையில் எடுத்த ஒரே மாதிரியை வைத்து 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினால் அது பொய்யும் ஆகாது, முழு உண்மையும் ஆகாது. எண்டிகாட்டில் இருபது வருஷத்துக்கு மேல் நீரை அளந்தார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் வராது.

சோதனை அறிக்கையும் ஒரு பிரதிதான். அது கையில் வந்தால் எண்களைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தை விரித்து, குழாய் இறங்காத தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். லவ் கெனால் பெண்கள் தங்கள் வரைபடத்தை அங்கிருந்துதான் ஆரம்பித்தார்கள்.