இலவசக் குடையும் ஏலம்போன கப்பலும்

திருப்பாலைக்குடியிலும் அதையொட்டிய பாக் நீரிணைக் கரையூர்களிலும் இன்று காற்றின் நிலை அறியவும், மீன் விலை கேட்கவும், அயல்நாட்டிலிருக்கும் மகனோடு பேசவும் கைப்பேசியே கருவி. அதிலுள்ள தேடுபொறியும் வரைபடமும் காணொளித் தளமும் பெரும்பாலும் கூகுள் என்னும் ஒரே நிறுவனத்தினுடையவை. மூன்றுக்கும் அது நம்மிடம் காசு கேட்பதில்லை. இத்தகைய நிறுவனத்தால் மக்களுக்கு நன்மையா, தீமையா? இவ்வினா நம் கடலுக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்பு நீராவிக் கப்பலின் உருவில் அது இங்கே எழுந்தது.

நீராவி வருமுன் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே ஓடியவை பாய்மரத் தோணிகள். காற்று இசைந்தால் பயணம். இல்லையேல் கரையில் காத்திருப்பு. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி இந்நிலையை மாற்றியது. 1856-இல் கல்கத்தா – பர்மா கம்பெனியாகத் தோன்றி 1862-இல் இப்பெயர் பூண்ட அந்நிறுவனத்தின் கப்பல்கள் நாள் குறித்துப் புறப்பட்டன. அஞ்சலும் சரக்கும் நம்பத்தக்க முறையில் போய்ச் சேர்ந்தன. இந்நன்மையை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் அரசின் அஞ்சல் ஒப்பந்தப் பணம் அதற்கு ஊன்றுகோலாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இக்கம்பெனியை எதிர்த்து 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். தலைவராக அமர்ந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், நம் இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தவர். 1901-இல் அவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியதைப் பேசும் நாம், அவருடைய கப்பலைப் பேசுவதில்லை!

சுதேசிக் கம்பெனி முதலில் பம்பாய் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் ஷா லைன் பின்வாங்கவே, சிதம்பரனார் கொழும்பில் வேறு கப்பலை அமர்த்தி ஓட்டினார். 1907-இல் காலியோ, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தன. காலியோ ஒன்றிலேயே 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் செல்லலாம்.

பிறகு தொடங்கியது கட்டணப் போர். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே பிரிட்டிஷ் கம்பெனி, கட்டணமே வேண்டாம், ஏறுவோருக்குக் குடையும் தருகிறோம் என்றது. பிழைப்புத் தேடி இலங்கை சென்ற ஏழை அந்தக் குடையை வாங்கிக்கொண்டால் அவரை நாம் குறை கூற முடியுமா? அவருக்கு அது உண்மையான நன்மை. ஆனால் குடையின் விலையை யார் தாங்கினர்? பல துறைமுகங்களில் பொருளீட்டிய கம்பெனி, ஒரே வழித்தடத்தில் நட்டப்பட்டுக்கொண்டே பல ஆண்டுகள் காத்திருக்கலாம். 25 ரூபாய்ப் பங்குகளால் கட்டிய கம்பெனி எத்தனை மாதம் காத்திருக்கும்?

காத்திருக்க விடவுமில்லை. பிரிட்டிஷ் கம்பெனியின் தூத்துக்குடி முகவர்களான ஹார்வி நிறுவனத்தாரே கோரல் மில்லையும் நடத்தி வந்தனர். 1908 பிப்ரவரியில் அம்மில்லில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர் பக்கம் நின்ற சிதம்பரனார் மார்ச் 12 அன்று கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அது மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது அவருடைய கம்பெனி இல்லை. 1911-லேயே அதைக் கலைத்துக் கப்பல்களைப் போட்டியாளர்களுக்கே ஏலத்தில் விட்டிருந்தனர்.

இன்றைய இலவசங்களை நாம் இந்த வெளிச்சத்தில் நோக்குகிறோம். 2015-இல் ஃபேஸ்புக் நிறுவனம், தான் ஏற்றுக்கொண்ட சில தளங்களை மட்டும் ஏழைகளுக்குக் கட்டணமின்றித் தரும் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை முன்வைத்தது. ஒன்றுமில்லாதவனுக்கு இதுவாவது கிடைக்கட்டுமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் கூடாதென ஆணையிட்டது, திட்டம் நின்றது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி செய்வோர் தன் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே பதித்துத் தரவேண்டும் என்று அந்நிறுவனம் கட்டாயப்படுத்தியதே காரணம். 1908-இல் அரசு கம்பெனியின் பக்கம் நின்றது. இம்முறை நடுவராக நிற்க முயன்றது. வேறுபாடு சிறிதன்று.

எந்த ஆதிக்கமும் புதிய தொழில்நுட்பம் வந்தால் தானே சரியும், அரசு தலையிட வேண்டியதில்லை என்பாரும் உளர். அதிலும் உண்மை உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விடப்பட்டதும், தூத்துக்குடி வழியே கொழும்பு சென்ற பயணிகளில் பெரும்பாலோர் நம் கரைக்குத் திரும்பினர். ஆயின் அது சுதேசிக் கம்பெனியின் பங்குதாரர்கள் பணத்தை இழந்து மூன்றாண்டுகளுக்குப் பின். புதிய வழியும் தோணிக்காரரின் கைக்கு வரவில்லை. தென்னிந்திய ரயில்வே என்னும் மற்றொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று.