ஒரே பயணம், ரெண்டு விடியல்

விமானத்துல எட்டு மணி நேரம் உக்கார்ந்தாலே புலம்புற ஆளுங்க நான். என் வாயை அடைச்சது இந்தப் பழைய கதை.

1942ல சிங்கப்பூர் ஜப்பான் வசமானதும், ஆஸ்திரேலியா - இங்கிலாந்து வான்வழி அறுந்துபோச்சு. 1943ல குவாண்டாஸ் புது வழி பிடிச்சது. பெர்த்தில் கிளம்பினா, இலங்கையில காலிக்குப் பக்கத்து கொக்கல ஏரியிலதான் இறக்கம். நேர்கோட்டில் சுமார் 5,650 கி.மீ.

கேட்டலினா கடல் விமானம். எரிபொருள் பாரத்தால மூணே பயணிகள். எதிரி மோப்பம் பிடிக்காம இருக்க ரேடியோ மௌனம். ராத்திரியில நட்சத்திரம் பார்த்துத்தான் வழி. 27 மணி நேரத்துக்கு மேல ஆகும். வழியில சூரியன் ரெண்டு தடவை உதிக்கும்!

1945 வரை ஓடின இந்தச் சேவையில ஒரு விமானம்கூடத் தொலையலை.

2018ல பெர்த் - லண்டன் நேரடி விமானம் வந்துச்சு: சுமார் 14,500 கி.மீ., 17 மணி நேரம். இனிமே சீட்டு குறுகல்னு முனக எனக்கு வாய் வருமா, சொல்லுங்க?