பெஹெத்கேயிலிருந்து பேராதனை வரை

கண்டி அரண்மனையின் மருந்துசாலைக்குச் சிங்களத்தில் 'பெஹெத்கே' என்று பெயர். பெஹெத் என்றால் மருந்து, கே என்றால் வீடு. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் அந்த மருந்து வீட்டில் நம்மவர்கள் இருந்தார்கள் என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் நம்பாமல் பார்க்கிறார்கள். கோபால முதலியார் குடும்பத்தினர் சோனகர், பரம்பரை வைத்தியர். 1760இல் பிரதானிகள் சிலர் அரசனைக் கொல்லச் சதி செய்தபோது, அதை அரசனின் காதில் போட்டவரும் ஒரு கோபால முதலியார்தான். லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இந்தக் கதையை நமது விழா மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வியை அங்கே யாரும் எழுப்பக் கேட்டதில்லை. அந்த வைத்தியர் வீடுகளில் வேர் கழுவியது யார்? கஷாயம் காய்ச்சியது யார்? பிள்ளைப்பேறு பார்த்தது யார்? பட்டமும் காணியும் ஆண்களின் பெயரில்தான் வந்தன. எனது உம்மும்மாவுக்கு எந்த இலை எந்தச் சளிக்கு என்று தெரியும். கையெழுத்து வைக்கத் தெரியாது. அறிவு இருந்தது, ஆனால் பெயர் இல்லை. நமது சமூகத்தில் பெண்களின் மருத்துவ அறிவுக்கு நெடுங்காலம் நடந்த கதை இதுதான்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. மதீனாவில் பள்ளிவாசல் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, அகழ்ப்போரில் காயப்பட்டவர்களுக்கு ருபைதா (ரழி) சிகிச்சை செய்தார். அந்தக் கூடாரத்தின் பொறுப்பு அவருடையது. ஓர் ஆணுக்கு உதவியாளராக அவர் அங்கே நிற்கவில்லை. நாம் அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தோம். பொறுப்பைக் கொடுக்கத்தான் தயங்கினோம்.

கண்டியில் அந்தத் தயக்கத்தை முதலில் உடைக்கப் பார்த்தவர் அறிஞர் சித்திலெப்பை. 1838இல் இதே நகரில் பிறந்தவர், தொழிலால் சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1890களின் தொடக்கத்தில் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடசாலையைத் திறந்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது 1892இல். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம். அங்கே பறங்கியர் வீட்டுப் பெண்கள் உடற்கூற்றியல் படிக்கப் போனார்கள். இங்கே நமது பெண்பிள்ளைகள் எழுத்துப் படிக்கப் போவதா வேண்டாமா என்று வாதம் நடந்தது. ஒரு தலைமுறை பிந்தினோம் என்று சொல்வது பெரிய மனதோடு சொல்லும் கணக்கு.

பின்னர் பல்கலைக்கழகமே நமது வாசலுக்கு வந்தது. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது, 1962இல் மருத்துவ பீடம் வந்தது. விவசாயம், மிருக வைத்தியம், விஞ்ஞானம் என எல்லாப் பீடங்களும் ஒரே ஆற்றங்கரையில். பக்கத்தில் 1821இலிருந்து தாவரவியல் பூங்கா, அக்கரையில் கன்னொறுவ, மேலே ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகள் நிறுவகம். உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இலங்கையில் இதைவிட வாய்ப்பான ஊர் கிடையாது. அக்குறணையில் பஸ் ஏறினால் கண்டியில் ஒருமுறை மாறி இறங்கலாம்.

அந்த வளாகத்தில் ஒரு பெண் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பேராசிரியை சாவித்திரி குணதிலக்க, தாவரவியல்காரர். 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் கொண்டு சிங்கராஜ வனத்தின் மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்புக் கிளம்பி வெட்டு நின்றது. 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. நின்றுபோன வெட்டு மறுபடி தொடங்காமல் இருக்க ஆவேசம் மட்டும் போதாது, கணக்கு வேண்டும். எந்த மரம் எங்கே நிற்கிறது, எது இந்த நாட்டில் மட்டும் வளர்வது, எது எத்தனை ஆண்டில் எவ்வளவு தடிக்கிறது? சாவித்திரியும் கணவர் நிமலும் தங்கள் குழுவோடு அந்தக் கணக்கைத்தான் எடுத்தார்கள். 1993இல் 25 ஹெக்டயர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள கன்று உட்பட எல்லாவற்றுக்கும் இலக்கத் தகடு கட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு இலட்சம் மரங்கள், இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள். அட்டைக்கடியும் அடைமழையுமான காடு அது. அதில் ஒரு பெண் இவ்வளவு காலம் நின்று வேலை செய்ததும், மாணவ மாணவியரை அதே காட்டுக்குள் கூட்டிச் சென்று பழக்கியதும் பட்டப் பெயர்களைவிடப் பெரிய தலைமை என்பது என் எண்ணம்.

தலைமை என்று நான் சொல்வது நாற்காலியை மட்டும் அல்ல. எதை ஆராய்வது, எந்த மருந்தை வாங்குவது என்று தீர்மானிக்கும் இடம் அது. பேராதனை மருத்துவ பீடாதிபதியாக இருந்த சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் உருவானபோது, ஏழை வீட்டு மருந்துத் துண்டின் விலையே மாறியது. அப்படியான மேசைகளில் பெண் இல்லையென்றால், பெண்ணின் நோய் பட்டியலின் அடியில்தான் நிற்கும்.

பங்களாதேஷின் பிர்தௌஸி காதிரியைப் பாருங்கள். டாக்காவில் உயிர்இரசாயனம் படித்து, லிவர்பூலில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஊருக்குத் திரும்பியவர். வாய்வழிக் கொலரா தடுப்பு மருந்தை மலிவாக ஏழைகளிடம் கொண்டு சேர்க்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ரோஹிங்கியா அகதி முகாம்களில் 2017இல் அந்த மருந்து கொடுக்கப்பட்டது. 2021இல் அவருக்கு மகசேசே விருது. நமக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்தில், உயிர்இரசாயனப் பேராசிரியை வசந்தி அரசரட்ணம் 2011 முதல் 2017 வரை துணைவேந்தராக இருந்தார். போர் முடிந்து இரண்டே ஆண்டில் ஏற்ற பொறுப்பு அது.

நமது கண்டிப் பிள்ளைகள்? நாட்டின் பல்கலைக்கழகங்களில் இன்று பாதிக்கு மேல் பெண்கள். நமது பெண்களும் உயர்தரத்தில் உயிரியல் பிரிவை நிறையவே எடுக்கிறார்கள். ஆனால் வீட்டில் இரண்டே சொல்தான்: டொக்டர், இல்லாட்டி டீச்சர். இடையில் இருக்கும் ஆய்வுகூடம், மருந்துத் தொழிற்சாலை, விதை நிலையம் எதுவும் வாப்பாமாரின் அகராதியில் இல்லை. டீச்சராக இருந்துகொண்டு நான் இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது.

ஒரு மாணவி. தமிழில் கட்டுரை எழுதினாலும் பூச்சிகளைப் பற்றித்தான் எழுதுவாள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. விவசாய பீடம் கிடைக்கும் போலிருந்தது. வாப்பா என்னிடம் வந்தார்.

"டீச்சர், பொம்புளப் புள்ள வயல்ல எறங்கி என்ன செய்யப் போகுது? மாப்பிள்ள வீட்டாக்கள் கேட்டா என்ன சொல்றது?"

நல்ல மனிதர். மகளின் படிப்புக்காகக் கடையில் இரவு பத்து மணி வரை நிற்பவர். அவரோடு கோபித்துப் பயனில்லை. சிங்கராஜக் கதையைச் சொன்னேன். இரண்டு இலட்சம் மரத்துக்கு இலக்கம் கட்டிய பெண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவங்கட புருசனும் கூடப் போனாரா காட்டுக்கு?" என்றார்.

"ஓம், ஒண்டாத்தான் போனாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, விண்ணப்பப் படிவத்தில் எந்த இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார்.