அணு மருத்துவமும் பெயரறியாப் பணியாளரும்

விஞ்ஞான வரலாற்றைப் பயில்வோர் கண்டுபிடித்தோரின் பெயர்களையே பெரிதும் மனங்கொள்வர். அக்கண்டுபிடிப்புகளை நாள்தோறும் நோயாளியின் கட்டிலருகே கொண்டுசேர்ப்போர் வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. அணு மருத்துவத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஹங்கேரிய இரசாயனவியலாளரான ஜோர்ஜ் டி ஹெவேசி, கதிர்த்தொழிற்பாடுள்ள அணுக்களைச் சுவடுகாட்டிகளாகப் பயன்படுத்தும் முறைக்கு 1913இல் வித்திட்டார். 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அதன்பொருட்டே அவருக்குக் கிடைத்தது. 1934இல் ஐரீன் கியூரியும் அவர்தம் கணவர் பிரெதரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டனர். 1941இல் பொஸ்ரன் நகரில் சோல் ஹேர்ட்ஸ் என்னும் மருத்துவர் தைரொயிட்டு நோயாளிக்குக் கதிர் அயடீனை அளித்துச் சிகிச்சை செய்தார்.

எனினும் அணு மருத்துவம் பரவலாவதற்குத் தூரமே தடையாயிருந்தது. உடலுறுப்புகளைப் படம்பிடித்தற்கு மிக ஏற்றதான தெக்னீசியம்–99எம் என்பதன் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலமே. நெடுந்தொலைவிலிருந்து அதனைத் தருவித்தல் பயனற்றது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் உருவாகிய பிறப்பாக்கி இத்தடையை நீக்கிற்று. 66 மணித்தியால அரைவாழ்வுடைய மொலிப்தனம்–99 ஈயக் கவசத்துள் அனுப்பப்படும். அது சிதையுந்தோறும் தெக்னீசியம் ஊறும். உப்புக்கரைசலைச் செலுத்தி அதனைப் பிரித்தெடுப்பர். இச்செயலைப் 'பால் கறத்தல்' என்றே அத்துறையினர் வழங்குவர்.

கறப்பவர் யார்? அவரே அணு மருத்துவத் தொழினுட்பவியலாளர். காலையிற் கறந்த திரவத்தின் தூய்மையைச் சோதித்தல், நேரத்தோடு தேயும் மருந்தின் அளவைக் கணித்தல், அஞ்சும் நோயாளியைத் தேற்றிக் காமாக் கமராவின் கீழ்க் கிடத்தல், பெற்ற படத்தின் குறைநிறைகளை ஆராய்தல் ஆகிய யாவும் அவர் கடன். காலம், தூரம், காப்பு என்னும் மூன்றையும் பேணித் தம்மையும் பிறரையும் கதிர்வீச்சினின்று காத்தலும் அவர் பொறுப்பே. அவர் கணக்கிற் பிழை நேரின் மருத்துவரின் முடிவும் பிழைபடும்.

இலங்கை 1957இலேயே சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் அங்கத்துவம் பெற்றது. 1969இல் அணுசக்தி அதிகாரசபைச் சட்டம் இயற்றப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவு ஒன்று இயங்குகின்றது. அங்கேயே இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்திற் கதிர்ப்படவியற் பட்டநெறியும் பயிற்றப்படுகின்றது. ஆயினும் முள்ளிவாய்க்காலிலிருந்து ஒரு நோயாளி அப்பிரிவை நாடின், ஏ–9 வீதியேறி வவுனியா கடந்து மலைநாடு வரை செல்லல் வேண்டும். பிறப்பாக்கி வென்ற தூரத்தை வன்னி மக்கள் இன்னும் வென்றிலர்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காயிற்று. மருந்தின்றி, இரத்தமின்றி அங்கே உயிர்காக்க முயன்றோருள் மருத்துவர் சிலரின் பெயரை உலகறியும். காயங்கட்டியோரையும், நோயாளரைச் சுமந்தோரையும், துணைநின்ற ஏனைய ஊழியரையும் அறிந்தோர் சிலரே. வைத்தியத்துறை மருத்துவர் ஒருவரால் மட்டும் நிலைபெறுவதன்று என்பதை வேறெவ்வூரினும் அவ்வூர் நன்கறியும்.

ஆயினும் நம் இல்லங்களில், மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகாத மாணவர் தோற்றவராகவே கருதப்படுகின்றனர். இவ்வெண்ணம் மாறல் வேண்டும். கதிர்ப்படவியல் கற்று அணு மருத்துவத்திற் பயிற்சி பெறும் ஓர் இளைஞரோ யுவதியோ எய்துவது இரண்டாந்தர வாழ்வன்று. பிறர் நோயின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்கும் பெருந்தொழிலாகும். பெயரறியாப் பணியாளரால் உயிர் பிழைத்த மண், அப்பணியின் மதிப்பைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளது.