பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

இன்னைக்கு ஒரு பள்ளிக்கூடத்தோட கதை. விருதுநகர் க்ஷத்ரிய வித்யாசாலா உயர்நிலைப் பள்ளி. சுருக்கமா கே.வி.எஸ்.

1889-ல ஆரம்பிச்ச பள்ளி இது. அப்போ ஊர் பேரு விருதுபட்டி. விருதுநகர்னு மாறினது 1923-லதான். பருத்தி, மிளகாய், எண்ணெய்னு வியாபாரம் ஓடின ஊர். வியாபாரத்துல முன்னுக்கு வந்த நாடார் மக்கள்கிட்ட பணம் இருந்தது, மரியாதை இல்லை. 1897-ல கமுதி கோயிலுக்குள்ள அவங்க நுழைஞ்சதுக்கு எதிரா போட்ட கேஸ், லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1908-ல தீர்ப்பும் அவங்களுக்கு எதிராதான் வந்தது. நடுவுல 1899-ல சிவகாசியில பெரிய கலவரம். இந்தப் பின்னணியில பார்த்தா, பள்ளிப் பேர்ல இருக்கற 'க்ஷத்ரிய'ங்கற வார்த்தை வெறும் அலங்காரம் இல்லை. "எங்களைக் கீழ வைக்காதீங்க"ன்னு போர்டுலயே எழுதி வச்ச மாதிரி.

சரி, இந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ரெண்டு வழி. முதல்ல மகமை. விக்கற சரக்குல இவ்வளவுன்னு கணக்குப் போட்டு, வியாபாரிங்க தங்களோட பொதுநிதிக்குக் கொடுக்கற தொகை. ரெண்டாவது பிடி அரிசி. தினமும் உலையில அரிசி போடறதுக்கு முன்னாடி, ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா வைக்கணும். வீடு வீடாப் போய் அதைச் சேர்த்து, வர்ற காசைப் பள்ளிச் செலவுக்கு எடுத்துக்குவாங்க. மகமை கடையில இருந்து வந்தது. பிடி அரிசி அடுப்படியில இருந்து வந்தது. அதாவது, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பெண்கள் கையால நடந்த பள்ளி. பசங்களுக்குப் படிப்பு இலவசம்.

அப்படிப் படிச்ச ஒரு பையன் 1903-ல பிறந்த காமராஜ். ஆறு வயசுல அப்பா தவறிட்டார். அம்மா சிவகாமி அம்மாள் சமாளிச்சுப் பார்த்தாங்க. ஆனா 11, 12 வயசுல பையன் படிப்பை விட்டுட்டு, மாமாவோட ஜவுளிக் கடையில போய் உட்கார்ந்தான்.

எனக்கு உறுத்தறது இந்த இடம்தான். எங்க வேலையில ஒரு ஆப்பை ஃப்ரீயா கொடுத்தும் ஆள் பாதியில போனா, "விலை பிரச்சினை இல்லை, வேற ஏதோ இருக்கு"ன்னு தேடுவோம். இங்கயும் அதேதான். ஃபீஸ் இல்லை, பள்ளி பக்கத்துலயே இருக்கு, ஊரே அரிசி கொடுக்குது. அப்பவும் பையன் நின்னுட்டான். பள்ளிக்கு அரிசி போச்சு, பையன் வீட்டுக்கு வரலை.

1954-ல அதே ஆள் முதலமைச்சர். ராஜாஜி 1953-ல கொண்டுவந்த, எதிர்த்தவங்க குலக்கல்வின்னு சொன்ன அரைநேரப் படிப்புத் திட்டம் அந்த வருஷமே கைவிடப்பட்டது. 1956-ல தொடக்கப் பள்ளிகள்ல மதிய உணவு. மாடு மேய்ச்ச பையன் "சாப்பாடு போடுவீங்களா?"ன்னு கேட்ட கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் கேள்வியைக் கேட்க வெளியில ஒரு பையன் தேவையே இல்லை. கேட்டவரே பாதியில நின்ன பையன்தான்.

பள்ளியில சாப்பாடு போடறது புது ஐடியா இல்லை. 1920-லயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில அதை ஆரம்பிச்சது. காமராஜர் காலத்துல கவனிக்க வேண்டியது அதை நடத்தின விதம். ஆரம்பத்துல ஊர்க்காரங்க நன்கொடை. அப்புறம் ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசான்னு கணக்கு, அதுல அரசு 6, ஊர் 4. பிடி அரிசிதான் இது! ஆனா திசை மாறிடுச்சு. முன்னாடி அரிசி பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினது. இப்போ நேரா பையன் தட்டுக்கு வந்தது.

இதோட கதை சுபமா முடிஞ்சிருந்தா நல்லாயிருக்கும். ஆனா விருதுநகர்ல இருந்து சிவகாசி சுமார் 25 கிலோமீட்டர்தான். மதிய உணவு வந்து பல வருஷம் கழிச்சும், அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல பிள்ளைங்க தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போய்க்கிட்டேதான் இருந்தாங்க. ஏன்னா ஒரு வேளை சாப்பாடு பிள்ளையோட பசிக்கு. கூலி வீட்டோட பசிக்கு.

1996 டிசம்பர்ல, சிவகாசி குழந்தைத் தொழிலாளர் பத்தி எம்.சி. மேத்தா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்க. ஒரு குழந்தைக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். வீட்டுல பெரியவர் ஒருத்தருக்கு வேலை கொடுக்கணும், முடியலைன்னா அரசு 5,000 ரூபாய் போடணும். பிள்ளை பள்ளிக்குப் போனாதான் அந்தப் பணத்தோட வட்டி வீட்டுக்கு. கோர்ட்டும் கடைசியில வந்து நின்னது வீட்டு உலையிலதான்.

அடுத்த தடவை யாராவது "எல்லாம் ஃப்ரீதானே, படிக்க என்ன கேடு?"ன்னு கேட்டா, கே.வி.எஸ்.ல பாதியில நின்ன அந்தப் பையனை ஞாபகம் வச்சுக்கோங்க. பள்ளி ஃப்ரீயா இருக்கறது ஒண்ணு. ஒரு பிள்ளையால அங்க வர முடியறது வேற ஒண்ணு.

உங்க ஊர்லயும் இப்படி ஊரே சேர்ந்து கட்டின பள்ளி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.