சீட்டுக்கவி முதல் பத்திராதிபர் கடிதம் வரை

பாட்டு இயற்றுதல் ஒரு கலை; இயற்றிய பாட்டைத் தக்கார் கையிற் சேர்ப்பித்தல் மற்றொரு கலை. முன்னதைப் போலப் பின்னதற்கும் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. கொக்குவிலில் வாழும் இளம் புலவர் ஒருவர் தம் கவிதையைச் சஞ்சிகைக்கு அனுப்ப எண்ணுகிறார் என்று கொள்வோம். கவிதை முடிந்துவிட்டது. அதனுடன் வைக்கவேண்டிய நாலு வரிக் கடிதமோ முடியவில்லை. எவ்வளவு பணிவது, தம்மைப்பற்றி எவ்வளவு கூறுவது, பாட்டின் சிறப்பைத் தாமே எடுத்துரைக்கலாமா என்று அவர் மயங்குகிறார். இம்மயக்கம் மிகப் பழையது.

திருவிளையாடற் கதைகள் இரண்டை நேயர்கள் அறிவர். சேரமான் பெருமாளிடம் பரிசில் பெறச் சென்ற பாணபத்திரருக்கு ஆலவாய் இறைவரே திருமுகம் எழுதிக் கொடுத்தார் என்பது ஒன்று. பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் வைக்கப்பட்டுள்ள திருமுகப் பாசுரம் அதுவே. தருமி கொண்டு சென்ற பாட்டில் நக்கீரர் குற்றங் கண்டார் என்பது மற்றொன்று. அப்பாட்டை இயற்றியவரும் இறைவரே. ஆயினும் நக்கீரர் கொண்டு வந்தவரைப் பார்க்கவில்லை, இயற்றியவரையும் பார்க்கவில்லை, பாட்டையே பார்த்தார். மனிதருக்குப் பரிசில் தேடித்தரும் கடிதம் பாட்டுக்குத் தகுதி தேடித்தராது என்பதை இவ்விரு கதைகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

வள்ளல்களை நாடிய காலத்திற் புலவர் கையாண்ட கருவி சீட்டுக்கவி. ஓலைத்தூக்கு என்றும் அதற்குப் பெயர். அரசன் ஆணையோலை விடுப்பதுபோலப் புலவன் தன் பெருமையை முதலில் முழக்குவான்; வள்ளலின் புகழை அடுத்து வைப்பான்; தனக்கு வேண்டுவதை இறுதியிற் கேட்பான். இரந்து நிற்பவனே அரசனின் குரலிற் பேசும் விந்தை அதிலே உண்டு. வயிற்றுக்கு உணவும் தலைக்கு நிமிர்வும் ஒருங்கே வேண்டியமையால் எழுந்த வடிவம் அது. கண்ணொளி இல்லாத அந்தகக்கவி வீரராகவ முதலியார் சீட்டுக்கவியிற் பெயர் பெற்றவர். அவர் ஈழம் போந்து பரராசசேகரனிடம் பரிசில் பெற்றார் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழி வந்த செய்தி. சீட்டுக்கவியிற் கடிதமே பாட்டு, பாட்டே கடிதம்.

இவ்விரண்டையும் பிரித்து வைத்தவை அச்சும் தபாலும் ஆகும். 1841 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மானிப்பாய் அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்திலிருந்து உதயதாரகை வெளிவந்தது. 1857 இல் இலங்கைக்கு முதல் தபால் முத்திரை கிடைத்தது. 1889 இல் இந்துசாதனம் தோன்றியது. வள்ளலின் வாயிலில் நாட்கணக்கிற் காத்திராது, முகமறியாப் பத்திராதிபருக்கு எழுதியதை உறையிலிட்டு அனுப்பும் வழி இவ்வாறு பிறந்தது. கொக்குவிலிலேயே சோதிடப் பிரகாச யந்திரசாலை நிறுவப்பட்டு நூல்கள் பலவற்றை அச்சிட்டது. அச்சேறிய நூலுக்கும் பெரியோரின் சாற்றுகவி துணையாக வேண்டும் என்ற வழக்கம் எளிதில் நீங்கவில்லை. சஞ்சிகைக்கு விடுத்த தனிக்கவிதையோ அத்துணையின்றித் தனித்தே சென்றது.

பழைய வழியும் புதிய வழியும் ஒருவர் வாழ்விலேயே சந்தித்தமைக்குப் பாரதியார் சான்று. 1897 இல், பதினான்கு வயதில், கல்விக்கு உதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். 1904 இல் மதுரை விவேகபாநுவில் அவருடைய தனிமை இரக்கம் அச்சேறியது. அவ்வாண்டே சுதேசமித்திரனிற் பணியேற்று, பிறர் எழுத்தைச் சீர்தூக்கும் இடத்திற்கும் வந்தார். அத்தகையவர் 1919 இல் வறுமையால் நலிந்து, எட்டயபுரம் மன்னருக்கு மீண்டும் ஓலைத்தூக்கு எழுதினார். பயன் கிட்டவில்லை. வாசகர் ஆதரவு போதாதபோது புலவன் பழைய வாயிலையே தட்டநேர்ந்தது. அவ்வாயிலோ அதற்குள் அடைபட்டிருந்தது. சஞ்சிகைகளைக் காசு கொடுத்து வாங்குவோர் இன்மை எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் அவ்வாதரவைத் திரட்ட முயன்றோர் பலர். நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ஈழகேசரி, 1958 வரை இளம் எழுத்தாளர்க்குக் களமாயிற்று. 1946 இல் மறுமலர்ச்சி வெளிவந்தது. வரதரும் மஹாகவியும் 1955 இற் கவிதைக்கென்றே தேன்மொழியை நடத்தினர். இச்சஞ்சிகைகளுட் பல நீண்ட ஆயுள் பெறவில்லை. ஆயினும், பரிந்துரைக்க ஆளில்லாத கிராமத்து இளைஞனும் முத்திரை வாங்கக் காசிருந்தால் தன் கவிதையை மதிப்பீட்டுக்கு வைக்கலாம் என்ற நிலையை அவை உண்டாக்கின.

இவ்வரலாற்றை உணர்ந்தால் இளம் புலவரின் மயக்கம் தீரும். பத்திராதிபர் வள்ளலும் அல்லர். அவர் தருவது பரிசிலும் அன்று. ஆதலாற் புகழுரை வேண்டா, இரப்புரையும் வேண்டா. பெயர், விலாசம், கவிதையின் தலைப்பு, அது தம் சொந்த ஆக்கம், வேறெங்கும் வெளிவராதது, வேறு சஞ்சிகைக்கு அனுப்பப்படாதது என்னும் உறுதிமொழி ஆகியவை போதும். முன்னர் வெளிவந்த ஆக்கங்கள் இருப்பின் ஒரு வரியிற் குறிக்கலாம். இல்லையேல் அதற்காக நாணவேண்டுவதில்லை. கவிதையின் பொருளை விளக்குதல் மட்டும் ஆகாது. விளக்கக் கடிதம் வாசகர் கைக்குச் செல்வதில்லை. தபாலில் அனுப்புவோர் பிரதியொன்றை வைத்துக்கொண்டு, முத்திரை ஒட்டிய சுயவிலாச உறையையும் இணைத்தல் பழைய நல்வழக்கம். மின்னஞ்சலில் அனுப்புவோர்க்கு உறை வேண்டா. ஏனைய யாவும் வேண்டும்.

சீட்டுக்கவியின் இரப்பு மறையட்டும். அதன் நிமிர்வு மறையவேண்டியதில்லை. அந்நிமிர்வு இருக்கவேண்டிய இடம் கடிதம் அன்று. உள்ளே மடித்து வைத்திருக்கும் கவிதையே அதற்கு உரிய இடம். கவிதை திரும்பி வரினும், நக்கீரர் முன் வைக்கப்பட்ட பாட்டுக்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்தது என்று தேறி, அதனை மீண்டும் செப்பஞ் செய்பவரே நாளடைவிற் புலவராவார்.